கல்லடி வீட்டுக் குழு: ஆமைக்குஞ்சு

சனி, பிற்பகல் 2.10

சுகன்யா: எல்லோருக்கும் வணக்கம். படத்தில் இருப்பது கல் அல்ல, என் ஆமைக்குஞ்சு. ஹேர்மன் இனம், தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்தது. நேற்றுத்தான் வாங்கினேன். நான்கு சென்ரிமீற்றர்தான் இருக்கும். இன்று காலை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன், பின்பக்கத்தால் பற்பசை போல வெள்ளையாக ஏதோ வந்தது. தர்ஷினி மச்சாள், பயமாக இருக்கிறது.

சிவா மாமா: அம்மா அனுப்பிய குரல் பதிவில் மழைச் சத்தம் மட்டுமே கேட்கிறது. பக்கத்தில்தான் இருக்கிறேன், அவர் சொன்னதை நானே எழுதுகிறேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. இவள் காசு கொடுத்தா கூட்டிவந்தாள்?"

தர்ஷினி: பயப்படாதே சுகி. காகத்தின் எச்சத்தில் வெள்ளையாக இருக்குமே, அதே சங்கதிதான். பசை போல வந்தால் நல்லது. மணல் போல நறநறவென்று வந்தால்தான் உடம்பில் தண்ணீர் போதவில்லை. குஞ்சை நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் இப்படி விடு. தண்ணீர் தாடைக்கு மேலே ஏறக் கூடாது.

வாணி சின்னம்மா: இது யது, அம்மாவின் போன். மச்சாள், இரவு முழுவதும் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்?

தர்ஷினி: ஆழமாக இருந்தால் மூழ்கிச் செத்துவிடும். தரை ஆமைக்கு நீந்த வராது. ஏன் கேட்கிறாய்?

வாணி சின்னம்மா: சும்மா.

சிவா மாமா: அதெப்படி நீந்த வராது? ஆரையம்பதி வீட்டுக் கிணற்றில் ஓர் ஆமை கிடந்ததே. நான் பிறக்கும் முன்பே இருந்ததாம்.

தர்ஷினி: அது கறுப்பு ஆமை அப்பா, நீரில் வாழ்வது. அதன் விரல்களுக்கிடையில் சவ்வு இருக்கும். தரை ஆமையின் கால் யானைக்கால் போல உருண்டையாக இருக்கும். காலைப் பார்த்தாலே போதும்.

சுகன்யா: இன்னொன்று மச்சாள். மண்ணுக்குள் புதைந்து பாதி நாள் தூங்குகிறது. நோயா?

தர்ஷினி: இல்லை, குஞ்சுகள் அப்படித்தான். கண்ணில் பட்டால் யாராவது தின்றுவிடுவார்கள் என்று அதற்குப் பிறவியிலேயே தெரியும். விளக்கின் கீழ் 32 பாகை அளவில் சூடு இருக்கிறதா? மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எங்கே போவது என்பதை அது முடிவு செய்யட்டும். யூவிபி, அதாவது புறஊதாக் கதிர் விளக்கையும் மறக்காதே.

சுகன்யா: யன்னலோரம் வைத்திருக்கிறேன், வெயில் வருகிறது.

தர்ஷினி: அந்த வெயில் போதாது. தேவையான கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. கதிர் இல்லாவிட்டால் நீ எவ்வளவு சுண்ணாம்புச் சத்துக் கொடுத்தாலும் உடம்பு எடுத்துக்கொள்ளாது, ஓடு தோல் போல மெதுமெதுவென்று ஆகிவிடும். மண்ணையும் சற்று ஈரமாக வை. காய்ந்த இடத்தில் வளர்ந்தால் ஓடு கூம்பு கூம்பாக மேலெழும்பும். ஒருமுறை எழும்பினால் திரும்ப இறங்காது.

சுகன்யா: சுண்ணாம்புக்குக் கணவாய் ஓடு வாங்கியிருக்கிறேன். அநியாய விலை.

சிவா மாமா: கணவாய் ஓட்டுக்கு விலையா! கல்லடிக் கடற்கரையில் காலில் குத்துகிறது, மகள். அங்கே வருகிறவர்களிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன்.

தர்ஷினி: உப்புப் போக நன்றாக ஊறவைத்துக் காயப்போட்டு அனுப்புங்கள் அப்பா.

வாணி சின்னம்மா: மச்சாள், பாண் கொடுக்கலாமா? சோறு? வெள்ளரிக்காய்?

தர்ஷினி: பாணும் சோறும் கூடவே கூடாது. வெள்ளரிக்காய் வெறும் தண்ணீர். ஹேர்மனுக்குப் புல் பூண்டு இலைகள்தான் உணவு. செவ்வரத்தை இலையும் பூவும் கொடுக்கலாம். யது, இங்கிலாந்தில் சுகியின் லெஸ்டர் வீட்டில் இருக்கும் ஆமைக்கு நீ ஏன் சோறு தேடுகிறாய்?

வாணி சின்னம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தர்ஷினி: நீக்குவதற்குள் பார்த்துவிட்டேன் தம்பி. யானைக்கால். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள். நீல நிறப் பிஸ்கற் டின்.

சிவா மாமா: வாணி எங்கே?

பிற்பகல் 3.25

வாணி சின்னம்மா: இப்போது எழுதுவது வாணிதான். என் தையல் சாமான் டின்னை மூன்று நாளாகத் தேடுகிறேன். நூலும் ஊசியும் இவனுடைய புத்தகப் பைக்குள் கிடக்கின்றன. கட்டிலுக்குக் கீழே டின், டின்னுக்குள் ஆமை. புதன்கிழமை வாகரையில் அண்ணாவின் மரமுந்திரிகைத் தோட்டத்துக்குப் போனபோது, வேலிக்கு அப்பால் பற்றைக்குள் எடுத்தானாம். அங்கிருந்து இங்கே வரும்வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

சிவா மாமா: எனக்கும்தான். மத்தியானம் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டானே, அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தர்ஷினி: மாமி, அது நட்சத்திர ஆமை. இலங்கைக்கு உரிய தரை ஆமை அந்த ஓர் இனம்தான். சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, பிடிக்கவும் முடியாது, வளர்க்கவும் முடியாது. செல்லப்பிராணிச் சந்தைக்காக ஓயாமல் கடத்துகிறார்கள். அதனால்தான் 2019 இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவதை முற்றாகத் தடை செய்தன. 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து வனசீவராசிகள் திணைக்களத்திடம் சொல்லுங்கள்.

சிவா மாமா: அம்மா சிரிக்கிறார். "ஆமை வந்துவிட்டது, அமீனாவையும் நீங்களே போன் போட்டுக் கூப்பிடுகிறீர்களா?"

வாணி சின்னம்மா: மறுபடியும் யது. சுகி அக்கா மட்டும் வளர்க்கலாமா?

சுகன்யா: நியாயமான கேள்வி தம்பி. என்னுடையது வளர்ப்பாளர் ஒருவரிடம் முட்டையிலிருந்து பொரித்தது. அதற்கான சான்றிதழ் இல்லாமல் அவர் விற்கவே முடியாது. ஒரு காட்டிலும் ஓர் ஆமை குறையவில்லை.

வாணி சின்னம்மா: காட்டில் விட்டால் கீரி தின்றுவிடும்.

தர்ஷினி: தின்னலாம். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டின்னுக்குள் வெயிலும் இல்லை, புல்லும் இல்லை. நீ பாசமாகவே வைத்திருந்தாலும் சில மாதங்களில் ஓடு கெட்டுவிடும். தப்பிப் பிழைத்தால் பல பத்தாண்டு வாழக்கூடியது அது. இன்றைக்கு மட்டும் நான் சொல்வதைச் செய். மின்விசிறிக்குக் கீழே வைக்காதே. ஒரு சிரட்டை மூடியில் மெல்லியதாகத் தண்ணீர் ஊற்றி வை, புல் கொஞ்சம் போடு. தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. மாமி, டின்னைச் சமையல் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவாதீர்கள். சல்மனெல்லா கிருமி இருக்கலாம்.

சிவா மாமா: அம்மாவுக்கு இன்னொரு கேள்வி. "சுகியின் ஆமை எத்தனை வருடம் இருக்கும்?"

சுகன்யா: ஐம்பது வருடத்துக்கு மேலும் இருக்கலாம் அம்மம்மா.

சிவா மாமா: "அப்படியானால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முதலில் கல்யாணத்தைக் கட்டட்டும்."

சுகன்யா: வணக்கம், எனக்கு வேலை இருக்கிறது.

ஞாயிறு, முற்பகல் 11.40

வாணி சின்னம்மா: வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். திட்டுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன், அப்படி ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் எடுத்தாய் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இவன் வேலியின் எத்தனையாவது கட்டை என்பதுவரை சொன்னான். டின் வெளியே காய்கிறது, அதில் இனி ஊசி வைக்க எனக்கு மனம் வராது.

சிவா மாமா: கணவாய் ஓடு பதினொன்று பொறுக்கியாயிற்று. ஊறுகிறது.

வாணி சின்னம்மா: யது. சுகி அக்கா, உங்கள் ஆமைக்குப் பெயர் வைத்துவிட்டீர்களா? வைக்காவிட்டால் என்னிடம் ஒன்று இருக்கிறது.