மறு: டிராஃப்டிங் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் நடக்கும் டேட்டோனா 500 கார்ப் பந்தயத்தைப் பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதத் தொடங்கியவன் நான்தான். ஆகவே, முன்வண்டியின் பின்னால் ஒட்டி ஓடிக் காற்றுத்தடையைக் குறைக்கிற டிராஃப்டிங்குக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழைக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டிய கடமையும் எனக்குத்தான். தாமதத்துக்கு மன்னியுங்கள். பந்தயத்தை நேரலையில் பார்க்க நம் நேரத்துக்கு நள்ளிரவு ஒரு மணிக்கு விழித்திருக்க வேண்டும், அதைச் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காதில் கேட்காமல், கண்ணில் பார்க்காமல் இந்தச் சொல்லை முடிவுசெய்ய முடியாது என்று தோன்றியது.

> 'காற்றிழுவை ஓட்டம்' என்று வைத்துவிடலாமே. முன்வண்டி பின்வண்டியைக் காற்றால் இழுக்கிறது, அவ்வளவுதானே?

இதை ஏற்க முடியவில்லை ஐயா. 'இழுவை', 'இழுவிசை' இரண்டையும் டிராக் (drag) என்பதற்குக் கொடுத்து நெடுநாளாகிவிட்டது. காற்றிழுவை என்றால் வண்டியைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கிற காற்றுத்தடை. டிராஃப்டிங் அந்தத் தடையிலிருந்து தப்பிக்கிற வித்தை. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்தாற்போல் ஆகிவிடும். கட்டுரையில் "காற்றிழுவை ஓட்டத்தால் காற்றிழுவை குறைகிறது" என்று எழுதவேண்டி வரும், படிக்கிறவர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்.

அப்புறம் இழுப்பது என்பதும் பாதி உண்மைதான். நடப்பது இது: முன்னால் போகிற வண்டி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் காற்றைப் பிளந்துகொண்டு போகிறது. அதன் பின்புறம் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. பின்வண்டி அந்தப் பள்ளத்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டால் அதற்குக் காற்றின் எதிர்ப்பு குறைகிறது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பின்வண்டி நெருங்கி வந்ததும் அந்தப் பள்ளம் தூர்ந்துபோகிறது, முன்வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த குறைவழுத்தமும் தளர்கிறது. ஆகவே இரண்டுமே தனியாகப் போவதைவிட வேகமாகப் போகின்றன. நாம் வைக்கிற சொல் இதற்கு இடம் விட வேண்டும், குறைந்தது இதை மறுக்காமலாவது இருக்க வேண்டும்.

> 'காற்றுமறைவு', அதிலிருந்து 'மறைவோட்டம்'. சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

அக்கா சொன்னது எனக்கும் முதலில் பிடித்தது. காற்று மறைவு என்பது பேச்சில் இருக்கிற சொல்தான், விளக்கேற்றும்போது கையைக் குவித்து மறைவு கொடுக்கிறோம். என் வரைவில் ஒரு வாரம் அந்தச் சொல்தான் இருந்தது. பிறகு 2001-ஆம் ஆண்டுப் பகுதியை எழுதும்போது கை நின்றுவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று, பந்தயத்தின் கடைசிச் சுற்றில், நான்காம் வளைவில் டேல் எர்ன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர் சுவரில் மோதி இறந்துபோனார். அவருடைய அணியின் வண்டிகள் இரண்டு முதலிரண்டு இடங்களில் முன்னே போய்க்கொண்டிருந்தன, ஒன்றை ஓட்டியவர் அவர் மகன். இருபதாவது முயற்சியில், 1998-இல்தான் அவர் இந்தப் பந்தயத்தை வென்றிருந்தார். அவரைப் பற்றிய பத்தியில் 'எர்ன்ஹார்ட்டின் மறைவு' என்று ஒரு வரியும் 'எர்ன்ஹார்ட்டின் மறைவோட்டம்' என்று அடுத்த வரியும் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆட்களின் பெயரோடு சேரும்போது மறைவு என்பது தமிழில் சாவுதான். உயிர் போகிற அபாயம் உள்ள விளையாட்டுக்கு அந்தச் சொல் வேண்டாம்.

சரி, என் பரிந்துரை: ஒண்டல். வினையாக 'ஒண்டு', தொழிலின் பெயராக 'ஒண்டோட்டம்'.

எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் மேல்காற்று அடித்தால் சைக்கிள் நகராது. பள்ளி விட்டு வரும்போது வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதன் பின்னாலேயே இரண்டு முழ இடைவெளியில் வருவோம். பெடல் திடீரென்று லேசாகிவிடும், காதில் இரைச்சல் நின்றுவிடும், வைக்கோல் தூசி மட்டும் சுழன்று சுழன்று முகத்தில் வந்து ஒட்டும். கொஞ்சம் பக்கவாட்டில் விலகினாலும் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளும். "டிராக்டருக்கு ஒண்டிக்கிட்டே வந்தோம்" என்றுதான் வீட்டில் சொல்வோம். மழைக்கு ஒண்ட இடமில்லை என்கிறோமே, அதே சொல். வேறொன்றின் அண்டையில் நெருங்கி நின்று, அது தாங்குகிற அடியிலிருந்து தப்பிப்பது. டிராஃப்டிங்குக்கு இதைவிடப் பொருத்தமான வினை நம்மிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம் பழமொழியும் இதற்குத் துணை நிற்கிறது. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்." டேட்டோனாவில் கடைசிச் சுற்றில் நடப்பது அச்சு அசலாக இதுதான். பின்னால் ஒண்டி வந்தவர் அந்தக் காற்றுப் பள்ளத்தில் வேகம் சேர்த்துக்கொண்டு, சட்டென்று வெளியே ஒடித்து, முன்னவரைத் தாண்டிவிடுவார். 1979-இல் டானி ஆலிசன் முன்னால், கேல் யார்பரோ அவருக்கு ஒண்டி. கடைசிச் சுற்றின் பின்புற நேர்ப்பாதையில் யார்பரோ உள்பக்கமாக ஒடித்தார், ஆலிசன் வழியை அடைத்தார், இரண்டு வண்டியும் மோதி மூன்றாம் வளைவுச் சுவரில் போய் விழுந்தன. அரைச் சுற்றுக்கு அப்பால் வந்துகொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். அவருடைய ஏழு டேட்டோனா வெற்றிகளில் அது ஆறாவது. தொடக்கம் முதல் முடிவுவரை அமெரிக்கா முழுக்க நேரலையில் ஒளிபரப்பான முதல் டேட்டோனா 500 அதுதான், வடகிழக்கில் பனிப்புயலால் வீட்டில் அடைந்திருந்த ஏராளமானோர் அதைப் பார்த்தார்கள், பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர்கள் புல்தரையில் கைகலந்ததையும் சேர்த்து. அப்படி ஒடித்து முந்துவதற்கு ஆங்கிலத்தில் ஸ்லிங்ஷாட் என்கிறார்கள், நமக்கு 'கவண்முந்தல்' கச்சிதமாக வரும்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்த கதையையும் கட்டுரையில் சேர்த்திருக்கிறேன். 1960, இரண்டாவது டேட்டோனா 500. ஜூனியர் ஜான்சனுக்குக் கிடைத்த ஷெவர்லே, போண்டியாக் வண்டிகளுக்கு ஈடுகொடுக்க முடியாத வண்டி. பயிற்சியின்போது ஒரு போண்டியாக்கின் பின்னால் ஒட்டிப் போனார், தன் வண்டியால் தனியாக எட்ட முடியாத வேகம் அப்போது வந்தது. பந்தயம் முழுக்க அதையே செய்தார். முடிய ஒன்பது சுற்று இருக்கும்போது முன்னணியில் இருந்த பாபி ஜான்ஸின் வண்டியில் பின்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், வண்டி சுழன்றது. ஜான்சன் வென்றார். குறைந்த வண்டியை வைத்துக்கொண்டு கூடிய வண்டிகளோடு பிழைத்திருந்த அந்த மனிதர் செய்ததை 'ஒண்டினார்' என்று எழுதும்போது தமிழ் தானாகவே நடக்கிறது, நீங்களே வரைவில் படித்துப்பாருங்கள்.

இனி எதிர்ப்புகள்.

> 'ஒண்டி' என்றால் தனியாள். ஒண்டிக்கட்டை என்கிறோம். நேரெதிர்ப் பொருள் வராதா?

வரும், மறைக்கவில்லை. "அவர் ஒண்டி ஓட்டினார்" என்று எழுதினால் தனியாக ஓட்டினார் என்று சிலர் படிப்பார்கள். அதற்காகத்தான் எச்சமாக வரும் இடத்தில் 'ஒண்டிக்கொண்டு' என்றே எழுதலாம் என்கிறேன், பேச்சிலும் அப்படித்தான் வருகிறது. ஒண்டல், ஒண்டோட்டம், ஒண்டினார், ஒண்டுகிறார் எதிலும் இந்தக் குழப்பம் இல்லை.

> ஒண்டுவது என்றால் தாழ்ந்து கிடப்பது. இரண்டு வண்டிக்கும் லாபம் என்று நீங்களே சொன்னீர்களே?

சொன்னேன். ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகை வாங்குகிற வீட்டுக்காரருக்கும் வரவுதானே. ஒண்டுவது என்ற சொல் ஒண்ட இடம் கொடுத்தவருக்கு நட்டம் என்று எங்கும் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே வண்டிபோல் ஓடுவதற்கு மட்டும் தனியாக 'இணையொண்டல்' வைத்துக்கொள்வோம். 2011-இல் புதிதாகத் தார் போட்ட தடத்தில் பந்தயம் முழுக்க இப்படித்தான் நடந்தது, ஒன்றின் பின்பம்பரில் மற்றொன்றின் மூக்கு ஒட்டியே இருக்கும், இரண்டிரண்டாகச் சுற்றுவார்கள். பின்வண்டியின் ரேடியேட்டருக்குக் காற்றே போகாது, எஞ்சின் சூடேறும், ஆகவே சில சுற்றுக்கு ஒருமுறை முன்பின் மாற்றிக்கொள்ள வேண்டும். முன்னணி 74 முறை கைமாறியது அந்த ஆண்டில்தான். இதில் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர்?

சைட் டிராஃப்ட் என்பதற்கு ஒருவர் 'பக்கவொண்டல்' என்று முன்வைத்திருந்தார். இது வேண்டாம். ஆங்கிலத்தில் டிராஃப்ட் என்று வருகிறதே தவிர அது ஒண்டுவதே அல்ல. பக்கத்து வண்டியின் பின்பகுதிக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய், நம் வண்டி விலக்குகிற காற்றை அதன் பின்தகட்டில் மோதவிட்டு அதை மட்டுப்படுத்துவது. தாக்குதல் அது. 'காற்றேவல்' என்று நினைத்தேன், ஆனால் ஏவல் என்றதும் பில்லி சூனியம் முன்னால் வந்து நிற்கிறது. இதற்கு உங்கள் உதவி வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ஸ்டாக் கார் என்பதைச் 'சரக்குக் கார்' என்று யாரும் மாற்றிவிடாதீர்கள். கடையில் விற்கிற வண்டியை அப்படியே ஓட்டுவது என்பது 1949-இல், டேட்டோனா 500-க்கும் முன்பே, நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தயத் தொடர் தொடங்கியபோது இருந்த பொருள், இன்றைய வண்டி முழுக்கப் பந்தயத்துக்கென்றே செய்தது. ஆகவே ஒலிபெயர்ப்பாகவே விடுவோம். சூப்பர்ஸ்பீட்வேக்கு 'பெருவேகத்தடம்' போதும். நான்கு கிலோமீட்டர் சுற்று, வளைவுகளில் 31 பாகை சாய்வு, அதை 200 முறை சுற்றினால் 500 மைல். அந்தச் சாய்வுகளுக்கு மண் வெட்டி எடுத்த குழிதான் நடுவில் இருக்கிற லாய்டு ஏரி.

ரெஸ்ட்ரிக்டர் பிளேட் என்பதற்கு 'ஒடுக்கித் தகடு' என்று வைத்திருக்கிறேன். 1987-இல் டாலடேகா என்ற மற்றொரு பெருவேகத்தடத்தில் பாபி ஆலிசனின் வண்டி பறந்து பார்வையாளர் பக்கத்து வேலியைப் பிய்த்த பிறகு, 1988 முதல் டேட்டோனா, டாலடேகா இரண்டு தடங்களிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றை நான்கு துளைத் தகடு ஒன்றால் ஒடுக்கினார்கள். 2019 டேட்டோனா 500 வரை அது இருந்தது, பிறகு வேறு உறுப்பு அந்த வேலையைச் செய்கிறது. ஒடுக்கியதன் விளைவாக எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே சக்தி, தனியாக யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது, முப்பது நாற்பது வண்டிகள் கொத்தாகவே சுற்றுகின்றன. ஒருவர் தடுமாறினால் பின்னால் வரும் இருபது பேரும் சிக்குகிறார்கள். ஒண்டத் தெரியாதவருக்கு அங்கே வேலையே இல்லை. கட்டுரையின் நடுநாயகமான சொல் இதுதான் என்று நான் இவ்வளவு அடம்பிடிப்பது அதனால்தான்.

வரும் ஞாயிறு வரை வரைவில் 'ஒண்டல்' இருக்கும். மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள், 1979 கடைசிச் சுற்றை அந்தச் சொல்லால் எழுதிக்காட்டினால் இன்னும் நல்லது. காற்றேவலுக்கு மாற்று கிடைத்தால் அதையும்.

அன்புடன்