அரைப்பேர்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

[காலை 9:12] நான்: வணக்கம் அத்தை. புலம்பெயர்ந்த பெண்களும் பாட்டும் என்ற பொருளில் அடுத்த வாரம் கல்லூரியில் பேச வேண்டியிருக்கிறது. நம் அப்பாயியிடமிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது அவர் பாடியது ஏதாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

[காலை 9:40] கோத்தகிரி அத்தை: நினைவிருக்கிறது அம்மா. 1973இல் கப்பலேறி இங்கே வந்த பிறகும், அடுப்படியில் தனியாக இருக்கும்போது அம்மா அதைப் பாடுவார். எனக்கு இரண்டு அடிகள்தான் தெரியும்.

விடியமுன்னே மலையேறி வெயிலெல்லாம் நான் சுமந்தேன்
அந்தியிலே தராசு வந்து அரைப்பேரா ஆக்கிருச்சே

[காலை 9:44] கோவை அண்ணி: அரைப்பேர் என்றால் என்ன அத்தை?

[காலை 10:05] கோத்தகிரி அத்தை: தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் ‘பேர்’ என்று சொல்வார்கள். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். அதாவது முழு நாள் நின்றவளுக்குப் பாதிக் கூலி. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைக் காப்பகத்தில் விட்டு, இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறுவார்கள். தேயிலைச் செடியின் மேல் உயரம் பார்க்கும் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். மழைநாளில் எடை கூடினால் ஈரத்துக்கென்று கழிப்பார்கள், வெயில்நாளில் கொழுந்தே குறைவாக இருக்கும். எப்படிப் பார்த்தாலும் தராசு அம்மாவின் பக்கம் சாய்ந்ததில்லை.

[காலை 10:31] ஹட்டன் சித்தப்பா: அக்கா சொல்வது உண்மைதான். ஆனால் மகளே, மேடையில் பேசும்போது பாட்டினால்தான் எல்லாம் மாறியது என்று சொல்லிவிடாதே. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல்தான் வந்தது. அது வேலைநிறுத்தத்தால் கிடைத்தது. பெரியம்மா பாடியதை நான் ஒப்பாரியாகத்தான் எண்ணியிருந்தேன்.

[காலை 11:18] கோத்தகிரி அத்தை: தம்பி, அதை ஒப்பாரி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள் வழியில் செத்தவர்களை நினைத்துப் பாடினார்கள், அது ஒப்பாரிதான். அம்மாவின் பாட்டோ கணக்குக் கேட்கிறது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வகுத்தார்கள். ஒரே மலை, ஒரே மழை, இருந்தும் 11 சதம் குறைவு. அதையும் பல வீடுகளில் கணவன்மார்தான் போய் வாங்கினார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண் அந்தக் கணக்கை எங்கே போய்க் கேட்பாள்? துரையின் பங்களாவிலா? பாட்டில்தான் கேட்டாள்.

நீ வசிக்கும் ஹட்டனிலேயே 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளும் நம்மவர்களைப் போலக் கடல் கடந்து வந்தவர். ‘தேசபக்தன்’ பத்திரிகையில் பெண்களின் உரிமைக்காக எழுதிய அந்த அம்மையார், எழுத்து எல்லாரையும் எட்டாது என்று அறிந்து, சனங்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்த மெட்டுகளில் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு புத்தகமாகவும் வந்தன. தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலம் அது. நடேசய்யரே புடவை வியாபாரி போல வேடமிட்டுத்தான் உள்ளே போனார். ஆனால் ஒரு தடவை மெட்டோடு கேட்ட பாட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, திரும்பும் பெண்ணோடு கூடவே போய்விடும், அதை எந்தக் காவல்காரனும் வாசலில் மறித்துச் சோதிக்க முடியாது.

[காலை 11:26] நான்: அத்தை, மீனாட்சியம்மாளைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

[காலை 11:50] ஹட்டன் சித்தப்பா: அக்கா, சம்மேளனம் தெரியும், நடேசய்யரைத் தெரியும். அந்த அம்மையார் பாடியதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. 1940 என்றால் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் போலீசாரால் சுடப்பட்டு இறந்த ஆண்டு. அந்தச் சமயத்தில் ஒரு பெண் மேடையேறிப் பாடியிருக்கிறார் என்றால் அது சாதாரணக் காரியமில்லை. ஒப்பாரி என்று சொன்னதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

[பகல் 12:07] கோவை அண்ணி: இங்கே வந்த பிறகு அப்பாயி மற்றவர்கள் முன்னால் ஏன் பாடவில்லை?

[பகல் 12:34] கோத்தகிரி அத்தை: அங்கே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி ‘தாயகம் திரும்பியோர்’ என்று இங்கே இறக்கிவிட்டார்கள். இறங்கிய இடத்திலோ நாங்கள் ‘சிலோன்காரர்கள்’. குழாயடியில் அம்மா வாயைத் திறந்தால் அவருடைய பேச்சைக் கேட்டுப் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பாட்டு அடுப்படிக்குள் போய்விட்டது. ஒரே ஒரு நாள் சத்தமாகப் பாடினார். சம சம்பளம் வந்த செய்தியை எழுதி ஹட்டனிலிருந்து சின்னம்மா கடிதம் போட்டிருந்தார். நான் அதை வாசித்துக் காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை முழுப் பாட்டையும் பாடினார். அன்றைக்கு நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

[பகல் 12:41] நான்: மீதி அடிகள் வேறு யாருக்காவது தெரிந்திருக்குமா அத்தை?

[பகல் 12:58] ஹட்டன் சித்தப்பா: என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இருவரும் ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். காது சற்று மந்தமாகிவிட்டது, ஆனால் மெட்டை எடுத்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார். அக்கா, உங்களுக்குத் தெரிந்த இரண்டு அடிகளையும் பாடிக் குரல் பதிவாக அனுப்புங்கள். மாலையில் தேநீர் கொடுக்கும்போது அவர் காதருகே வைத்துப் போடுகிறேன்.

[பகல் 1:03] கோத்தகிரி அத்தை: 🎤 குரல் பதிவு (0:38)

[மாலை 5:21] ஹட்டன் சித்தப்பா: 🎤 குரல் பதிவு (2:14)