மணல், வண்டல், களிமண் முக்கோண வரைபடத்துக்கு எந்த மென்பொருள்?

அடிமண்:
சுமார் 140 மண் மாதிரிகளின் மணல், வண்டல், களிமண் சதவீதம் எக்செலில் இருக்கிறது. முக்கோண வரைபடமாகப் போட வேண்டும். ஆழத்துக்கு ஏற்ப புள்ளியின் நிறம் மாறணும், பின்னால் யுஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) மண் வகைக் கோடுகளும் தெரியணும். எக்செலில் இதற்கென்று சார்ட் வகையே இல்லை. பைத்தான் ஓரளவு தெரியும், ஆர் (R) மொழி தட்டுத்தடுமாறித்தான். இலவசமாக எது நல்லது? இன்னொரு தொல்லை, பல வரிசைகளில் கூட்டினால் 99.8, 100.3 என்று வருகிறது.

சிறுபுள்ளி:
பைத்தானில் ப்ளாட்லி என்ற வரைபடத் தொகுப்பு. மவுஸை வைத்தால் மதிப்பு தெரியும், ஒதுங்கி நிற்கும் மாதிரியை உடனே பிடிக்கலாம். வகைக் கோடுகளை மட்டும் நீங்களே வரைய வேண்டும்.

முக்கோணன்:
கோடுகள் வேண்டுமென்றால் ஆரில் சாயில்டெக்ஸ்சர் தொகுப்புக்கே போங்கள். யுஎஸ்டிஏ முக்கோணம் அதில் தயாராக இருக்கிறது. நெடுவரிசைகளைப் பெயர் வைத்துத்தான் அது எடுக்கும் (ஆங்கிலப் பெரிய எழுத்தில் கிளே, சில்ட், சாண்ட்), அதனால் வரிசை மாறிப்போகும் பேச்சே இல்லை. கூட்டுத்தொகை 100 இல்லாவிட்டால் முரண்டு பிடிக்கும். சரிசெய்யும் ஃபங்ஷனும் அதிலேயே உண்டு. உங்களுடையது ரவுண்டிங் வித்தியாசம்தான், ஒவ்வொன்றையும் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் முடிந்தது. 94, 107 என்று ஏதாவது வந்தால் மட்டும் அப்படி மழுப்பாதீர்கள், ஆய்வகத் தாளைத் திரும்பப் பாருங்கள்.

பைத்தான்தான் என்றால் எம்பிஎல்டெர்ன் தொகுப்பு. மேட்பிளாட்லிப் என்ற வழக்கமான பைத்தான் வரைபடத் தொகுப்பின் மேலேயே உட்காருவதால் கலர்பார், லெஜண்ட் எல்லாம் பழகியபடி வரும். ஆனால் அது கேட்கும் வரிசை மேல் முனை, இடது, வலது. பைத்தான்-டெர்னரி என்ற இன்னொன்று கேட்பது வலது, மேல், இடது! இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே ஒட்டுகிறவர்கள் கவிழ்வது இங்கேதான். படம் அழகாகவே வரும், பொய் சொல்லும். யுஎஸ்டிஏ முக்கோணத்தில் களிமண் மேலே, மணல் இடது, வண்டல் வலது. மணல் 10, வண்டல் 85, களிமண் 5 என்று ஒரு சோதனைப் புள்ளி போடுங்கள். வலது மூலையில் விழ வேண்டும். இடது மூலைக்குப் போனால் வண்டலும் மணலும் இடம் மாறிவிட்டன. 33, 33, 34 வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது.

அவசரத்துக்கு எக்செலும் போதும். கிடை மதிப்பு = வண்டல் + களிமண்/2, நெடு மதிப்பு = களிமண் × 0.866. ஸ்கேட்டர் சார்ட் போட்டு (0,0), (100,0), (50,86.6), மறுபடி (0,0) என்று இன்னொரு சீரிஸ் சேர்த்தால் முக்கோணம் வந்துவிடும். பத்திரிகைக்கு அனுப்பும் படத்துக்கு அது வேண்டாம்.

அடிமண்:
சாயில்டெக்ஸ்சரில் வந்துவிட்டது, நன்றி. ஆனால் கையால் தொட்டுப் பார்த்து வண்டல் அதிகம் என்று குறித்த மாதிரிகள்கூட மணல் பக்கமே தள்ளி விழுகின்றன. சோதனைப் புள்ளி சரியாகத்தான் விழுந்தது.

முக்கோணன்:
அப்படியென்றால் மென்பொருளை விடுங்கள். ஆய்வகம் மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை எங்கே வைத்தது? யுஎஸ்டிஏ முறையில் 0.05 மிமீ, சர்வதேச முறையில் 0.02 மிமீ. இரண்டுக்கும் நடுவில் உள்ள துகள் எல்லாம் இரண்டாவது முறையில் மணல் கணக்கில் சேரும். அறிக்கை அப்படி இருந்தால் முதலில் 0.05க்கு மாற்ற வேண்டும். அந்தத் தொகுப்பிலேயே அதற்கும் ஃபங்ஷன் உண்டு, ஆனால் அது இடைக்கணிப்புதான், அளந்த மதிப்புகளுக்கு நடுவில் உள்ளதைக் கணக்கால் ஊகிப்பது. துகள் அளவின் முழு வளைகோடு ஆய்வகத்திடம் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.