60 வோல்ட் ஸ்கூட்டரில் லெட்-ஆசிடை எடுத்துவிட்டு லித்தியம்: 17 செல் என்எம்சியா, 20 செல் எல்எஃப்பியா?

சைக்கிள்செயின்:
250 வாட், 25 கி.மீ. வேகத்துக்குள் ஓடும், பதிவு தேவைப்படாத வகை ஸ்கூட்டர். இப்போது உள்ளது 12 வோல்ட் 20 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லெட்-ஆசிட், ஐந்து தொடராக. கன்ட்ரோலர் 20 ஆம்பியர், 52.5 வோல்ட்டில் கட் ஆகும். சார்ஜர் 73.5 வரை ஏற்றிவிட்டு 69இல் ஃப்ளோட்டுக்கு (நிரம்பிய பிறகும் மெல்ல ஊட்டிக்கொண்டே இருக்கும் நிலை) போகிறது. இரண்டு பேக் கைக்கு எட்டுகிறது. இரண்டிலும் லேபிள் "60 வோல்ட்" என்றே இருக்கிறது.
அ) என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் லித்தியம்), 17 தொடர், 30 ஏஎச்.
ஆ) எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), 32700 அளவு உருளை செல், 20 தொடர் 4 இணை, 24 ஏஎச்.
எது பொருந்தும்? பழைய சார்ஜரையே வைத்துக்கொள்ளலாமா? "உள்ளே பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் கட் செய்யும் காப்புப் போர்டு) இருக்கு, எதுவும் ஆகாது" என்கிறார்கள்.

மில்லிவோல்ட்:
கடைசிக் கேள்விக்கு முதலில்: வைத்துக்கொள்ளக் கூடாது. "60 வோல்ட்" என்பது வெறும் பெயர். செல் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு வரை தாங்கும் என்று பாருங்கள்.

என்எம்சி செல்லுக்கு உச்சம் 4.2 வோல்ட். 17 × 4.2 = 71.4. உங்கள் சார்ஜர் தருவது 73.5, அதாவது செல்லுக்கு 4.32. தினமும் இரவு அந்த 4.32க்கும் தீக்கும் நடுவில் நிற்பது பிஎம்எஸ்ஸில் உள்ள மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) மட்டும்தான். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் சாகும், திறந்துகொள்ளாது. அதனால்தான் பிஎம்எஸ்ஸைக் கடைசிக் காவலாக மட்டுமே வைக்க வேண்டும். சார்ஜை முடித்துவைப்பது சார்ஜரின் வேலை.

எல்எஃப்பிக்கு உச்சம் 3.65. 20 × 3.65 = 73.0. பழைய சார்ஜர் அரை வோல்ட்தான் கூடுதல், பார்க்க ஒத்துப்போவது போல இருக்கும். ஆனால் அந்த அரை வோல்ட் 20 செல்லுக்கும் சமமாகப் பிரியாது. முதலில் நிரம்பிய ஒரே செல் 3.8ஐத் தாண்டி ஓட, மற்றவை 3.5இலேயே நிற்கும். போதாக்குறைக்கு, சில லெட்-ஆசிட் சார்ஜர்களில் சல்பேட் நீக்க உயர் வோல்ட் துடிப்பு வேறு உண்டு. 71 அல்லது 72 வோல்ட்டுக்கு அமைத்த, 5 ஆம்பியர், ஃப்ளோட் இல்லாத சிசி-சிவி (முதலில் நிலையான மின்னோட்டம், பிறகு நிலையான வோல்ட்) சார்ஜர் வாங்குங்கள். 71இல் நிறுத்தினால் இழப்பது ஓரிரு சதவீதம்தான், செல்லுக்கு ஆயுள் கூடும். முழுக் காலியிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும்.

கீழ்ப்பக்கம் 20 எல்எஃப்பி நன்றாகவே பொருந்துகிறது. 52.5ஐ 20ஆல் வகுத்தால் 2.63. செல்லின் அடிமட்டம் 2.5. கன்ட்ரோலர் முந்திக்கொண்டு கட் செய்யும், பிஎம்எஸ் வரை போகாது. என் ஓட்டு ஆ.

பஸ்பார்:
ஆ-வை வாங்குவதற்கு முன் தராசில் வையுங்கள். 6 ஏஎச் 32700 செல் சுமார் 140 கிராம். 80 செல் என்றால் செல் எடையே 11 கிலோவைத் தாண்டும். பெட்டியோடு சேர்த்து 9 கிலோ காட்டினால் 24 ஏஎச் என்பது லேபிளில் மட்டும்தான்.

அடுத்தது செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, சுத்த நிக்கலையும் காந்தம் இழுக்கும். பட்டையின் ஓரத்தைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். துரு ஏறினால் அது நிக்கல் முலாம் பூசிய இரும்பு. அதில் மின்தடை ஏறக்குறைய இரு மடங்கு, அந்த அளவுக்குச் சூடும் கூடும். 0.15 × 8 மி.மீ. சுத்த நிக்கல் ஒன்றுக்கு 5 ஆம்பியர் என்று கணக்கு வையுங்கள். உங்கள் 20 ஆம்பியர் நான்கு பட்டையில் பிரிந்து போவதால் சரியாக வரும், ஆனால் இருப்பு எதுவும் இல்லை. இரண்டு அடுக்கு போட்டிருந்தால் நல்லது.

செல்லின் பாசிட்டிவ் பக்கம் காப்புத்தாள் வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நடுவில் உள்ள மூடி பாசிட்டிவ், அதைச் சுற்றி மடித்திருக்கும் விளிம்பு நெகட்டிவ். இடையில் இருப்பது மெல்லிய ஷ்ரிங்க் உறை மட்டும். நம்ம ஊர்ச் சாலை அதிர்வில் பட்டையின் ஓரம் உறையை அறுத்துவிட்டால் நேரடி ஷார்ட். ஃபியூஸ் அதைக் காப்பாற்றாது, ஏனென்றால் மின்சாரம் ஃபியூஸ் வழியாகப் போவதே இல்லை.

இனி பேலன்ஸ், அதாவது எல்லா வரிசையையும் ஒரே சார்ஜ் அளவுக்குக் கொண்டுவருவது. அதிகம் ஏமாறுவது இதில்தான். சாதாரண பிஎம்எஸ் 50 மில்லிஆம்பியர் அளவில்தான் வழித்துவிடும், அதுவும் செல் 3.45ஐத் தொட்ட பிறகு. ஒரு வரிசை மற்றவற்றை விட 5 சதவீதம் முன்னால் இருந்தால் அது 1.2 ஏஎச். 1.2ஐ 0.05ஆல் வகுத்தால் 24 மணி நேரம். சார்ஜ் முடியும் கட்டத்தில் அரை மணி நேரம் நின்றால் நாற்பத்தெட்டு தடவை சார்ஜ் போட வேண்டும். அதனால் கட்டுகிறவர் நான்கு செல் இணையை ஒவ்வொன்றாக 3.65 வரை ஏற்றி, மின்னோட்டம் 1 ஆம்பியருக்குக் கீழே இறங்கிய பிறகே தொடராக வெல்ட் செய்ய வேண்டும். பவர் சப்ளையில் 3.65ஐச் செல்லை மாட்டும் முன்பே அமைக்க வேண்டும்.

பிஎம்எஸ் மாட்டும் வரிசை: முதலில் பி-மைனஸ் (பேக்கின் நெகட்டிவ் கம்பி). ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் பார்க்கும் 21 உணர்கம்பியின் கனெக்டரைச் செருகும் முன் மீட்டரில் அடுத்தடுத்த முனைகளுக்கு இடையில் 3.3 வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஒன்று இடம் மாறியிருந்தால் போர்டு அங்கேயே போய்விடும்.

கேத்தோடு:
ஆ-வுக்கு ஓட்டுப் போடுவதில் எனக்கும் சம்மதம், ஆனால் "எல்எஃப்பி தீப்பிடிக்காது" என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டில் எளிதில் வெளிவராது. நிக்கல் அதிகமான என்எம்சி சுமார் 200 டிகிரியிலேயே ஆக்சிஜனை விடத் தொடங்கும். ஆனால் இரண்டிலும் எலெக்ட்ரோலைட் எரியக்கூடிய கரைப்பான்தான். எல்எஃப்பி செல் வெடித்துத் திறந்தால் ஹைட்ரஜன் கலந்த வாயு வரும், மூடிய சீட்டுக்கடியில் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃப் குழு எல்எஃப்பி பொருளை வெளியிட்டபோது இது வண்டிக்கு ஆகாது என்று தோன்றக் காரணம் இருந்தது: மின்கடத்தல் மிக மோசம். துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கி, மேலே கார்பன் பூசியதும்தான் கதை மாறியது. எடைக்கு ஆற்றல் இன்றும் என்எம்சியை விடக் குறைவுதான். உங்கள் கணக்கில் அ 1,860 வாட்-அவர், ஆ 1,536. கி.மீ.க்கு 25 வாட்-அவர் என்று வைத்தால் 74, 61 கி.மீ. தினம் 60க்கு மேல் ஓட்டாவிட்டால் அந்த வித்தியாசத்துக்காக அ-வுக்குப் போகத் தேவையில்லை.

ஏஐஎஸ்-156 என்ற இந்திய மின்வண்டி பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தின் மூன்றாம் திருத்தம் 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக வந்தது. ஒரு செல் எரிந்தால் பேக் முழுக்கப் பரவுகிறதா என்ற சோதனை அதில் உண்டு. தெருக்கடையில் கட்டிய பேக்குக்கு அந்தச் சான்று இருக்காது. விற்பவரிடம் அறிக்கை கேளுங்கள், முகம் மாறுவதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சைக்கிள்செயின்:
மூவருக்கும் நன்றி. ஆ என்றே முடிவு. இன்னும் இரண்டு கேள்வி. டேஷில் உள்ள பேட்டரிக் கட்டம் சரியாகக் காட்டுமா? வண்டியில் பிரேக் பிடித்தால் மோட்டார் திருப்பி சார்ஜ் ஏற்றும் வசதி இருக்கிறது, அதனால் ஏதும் சிக்கலா?

மில்லிவோல்ட்:
கட்டம் ஏமாற்றும். எல்எஃப்பி 90 சதவீதத்திலிருந்து 20 வரை செல்லுக்கு ஏறக்குறைய 3.33இலிருந்து 3.2க்குத்தான் இறங்கும். பேக்கில் அது 66.6இலிருந்து 64. லெட்-ஆசிடுக்கு அமைத்த மீட்டர் அதையெல்லாம் "ஃபுல்" என்றே காட்டி, கடைசி ஐந்து கி.மீ.யில் மொத்தமாக விழும். ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு தடை) வைத்து ஆம்பியர்-அவர் எண்ணும் மீட்டர் போடுங்கள். மாதம் ஒரு முறை முழுக்க ஏற்றி அதை 100க்குத் திருப்பி அமையுங்கள், இல்லாவிட்டால் அதன் கணக்கும் மெல்ல விலகிப் போகும்.

பிரேக் விஷயத்தில் பிஎம்எஸ் காமன்-போர்ட் (சார்ஜுக்கும் டிஸ்சார்ஜுக்கும் ஒரே வழி) வகையா என்று பார்ப்பது முக்கியம். தனி-போர்ட் வகையில் பிரேக்கிலிருந்து திரும்பும் மின்சாரம் டிஸ்சார்ஜ் கம்பி வழியாக உள்ளே போகும், அதிக சார்ஜைத் தடுக்கும் மாஸ்ஃபெட் அந்த வழியில் கிடையாது. காமன்-போர்ட்டிலும், முழு பேட்டரியோடு இறக்கத்தில் இறங்கினால் பிஎம்எஸ் சட்டென்று கட் செய்து பிரேக் பிடிப்பு திடீரெனக் குறையும். கன்ட்ரோலரில் இதற்குத் தனி ஜம்பர் கம்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். 25 கி.மீ. வேகத்தில் அது திருப்பித் தருவது சொற்பம்.

பஸ்பார்:
ஒன்று விட்டுப்போச்சு. கன்ட்ரோலரை மாட்டும் நொடியில் அதன் கெப்பாசிட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை ஷார்ட் என்று நினைத்து பிஎம்எஸ் பூட்டிக்கொள்ளும், "புது பேட்டரி டெட்" என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். உள்ளே தடை வைத்த எக்ஸ்டி90-எஸ் கனெக்டர் போட்டால் பொறியும் வராது, பூட்டும் விழாது. பூட்டிவிட்டால் லோடைக் கழற்றிவிட்டு சார்ஜரை ஒரு நொடி மாட்டினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.