மிட் எஞ்சின் கார் டிரைவ் ஷாஃப்ட்: வெட்டி ஒட்டலாமா, புதுசா கடையணுமா?

கெடிலக்கரை:
கடலூரில் ட்யூப் சேஸிஸ் கார் ஒன்று கட்டுகிறோம், ரேஸ் ட்ராக்கில் ஓட்ட மட்டும். ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டிலேயே சீட்டுக்குப் பின்னால் உட்காருது. பின்னால் போட்டிருப்பதும் அதே வண்டியின் முன் நக்கிள்தான் (ஹப்பைத் தாங்கும் பாகம்), சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் கையை டோ லிங்க் என்ற கம்பி வைத்துப் பூட்டியாச்சு. பாடி அகலத்துக்காக ஹப் இரண்டும் பக்கத்துக்கு 60 மில்லி உள்ளே வருது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றும் ஒரிஜினல் டிரைவ் ஷாஃப்டை வெட்டி ஸ்லீவ் போட்டு வெல்டிங் அடிக்கலாமா, இல்லை என் 24 (EN24) அலாய் ஸ்டீலில் புதுசா செய்யணுமா?

சிப்காட் ஃபிட்டர்:
தாராளமா ஒட்டலாம் தம்பி, முறையாச் செய்தால். நடுவில் வெட்டுங்க, ஸ்ப்லைன் (முனையில் வெட்டிய பல்) பக்கம் சூடு போகக் கூடாது. தடித்த சீம்லெஸ் பைப்பில் 100 மில்லிக்குக் குறையாமல் ஸ்லீவ். உள் விட்டத்தை ஷாஃப்டைவிட 0.02 மில்லி சின்னதாகக் கடைந்து, சூடாக்கி ஏற்றணும். ஸ்லீவ் முனையை நேராக வெட்டாமல் மீன் வாய் போல வெட்டினால் வெல்டிங் சூடு முழுக்க ஒரே வட்டத்தில் விழாது. 200 டிகிரிக்கு மேல் முன்சூடு, நன்றாக உலர்த்திய 7018 வெல்டிங் ராடு, முடித்ததும் காய்ந்த மணலில் புதைத்து மெதுவாக ஆறவிடணும்.

தட்டாஞ்சாவடி லேத்:
அண்ணே, முறை சரி, இடம்தான் தப்பு. ஸ்லீவ் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அது முடியுற இடத்தில் தாங்குவது பழைய ஷாஃப்ட்தான். அதன் மேல்தோலை இண்டக்‌ஷன் ஹார்டனிங் செய்து கம்பெனி கொடுத்த பலம், வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் போய்விடும்.

கணக்கு பாருங்க. எஞ்சின் டார்க் 113 என்.எம். முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் விகிதம் 4.4 என்று வைத்தால் சுமார் 1740. பக்கத்துக்கு 870. 24 மில்லி ஷாஃப்டில் அது 320 எம்.பி.ஏ. முறுக்கு அழுத்தம். ஹார்டனிங் போன நடுத்தர கார்பன் ஸ்டீல் ஏறத்தாழ 200-லேயே முறுக்கிக்கொள்ளும். கிளட்சைப் படக்கென்று விட்டால் 320 என்பது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூட ஆகும்.

சிப்காட் ஃபிட்டர்:
அந்த 870 முழுசா ரோட்டில் இறங்காதே. பின் ஆக்சிலில் 520 கிலோ, கிரிப் 1.0, டயர் ஆரம் 0.29 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 740-லேயே டயர் சுத்திடும். அப்புறம், கம்பெனியே குழாய் ஷாஃப்டை வெல்டிங்கில்தானே ஒட்டுது?

தட்டாஞ்சாவடி லேத்:
740 என்றாலும் 270 எம்.பி.ஏ. வருது, 200-ஐத் தாண்டிடுச்சு. டயர் சுத்திச் சட்டென்று பிடிக்கும்போதும், வீல் குதிக்கும்போதும் விழுற அடி இந்தக் கணக்கிலேயே இல்லை. கம்பெனி ஃப்ரிக்‌ஷன் வெல்டிங் செய்த பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் செய்யுது. நம்ம பட்டறையில் ஒட்டினால் அந்த வேலை நின்றுபோகுது, வித்தியாசம் அதுதான்.

என் 24 எடுங்க. ஸ்ப்லைன் பல்லை எண்ணி, பல்லிடுக்கில் அளவுக் கம்பி வைத்து அளந்து, ஷாஃப்ட் முனையில் மாட்டும் ஜாயின்ட்டையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வெட்டச் சொல்லுங்க. நடு உடம்பு ஸ்ப்லைன் அடிவிட்டத்தைவிட கொஞ்சம் மெலிசா இருக்கட்டும். அப்போதுதான் முறுக்கு நீளம் முழுக்கப் பரவும், சர்க்ளிப் (பூட்டு வளையம்) காடியில் குவியாது. ஹார்டனிங் கடைசியில். அதன்பின் டை பெனட்ரன்ட் அடித்து விரிசல் பாருங்க.

உப்பனாறு:
இரண்டு பேரும் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டீங்க. ஏன் வெட்டணும் என்று யாரும் கேட்கலை. ட்ராக் அகலத்தை (இடது, வலது சக்கரத்துக்கு நடுவே உள்ள தூரம்) ஸ்விஃப்ட் அளவிலேயே விட்டுப் பாடியைப் பக்கத்துக்கு 60 மில்லி அகட்டினால் ஒரிஜினல் ஷாஃப்ட் அப்படியே உட்காரும். உடைந்தால் புதுச்சேரியில் எந்த ஸ்பேர் கடையிலும் அன்றைக்கே கிடைக்கும். என் 24 உடைந்தால் வாரக்கணக்கில் வண்டி நிற்கும்.

ஷாஃப்ட் எதுவானாலும் அது கெட்டுப்போவது அதிகமா கோணத்தாலும் நீளத்தாலும்தான். எஞ்சின் மவுண்டை முழுசா வெல்டிங் அடிக்கும் முன் புள்ளி மட்டும் வைத்து இதைச் செய்யுங்க. ஸ்ப்ரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் ஹப்பை ரைடு ஹைட்டில் (வண்டி சாதாரணமாக நிற்கும் உயரம்) நிறுத்துங்க. ஷாஃப்ட் சாய்வைப் பின்னாலிருந்து மட்டும் பார்க்காதீங்க, மேலிருந்தும் பாருங்க. 350 மில்லி ஷாஃப்டில் ஹப் 40 மில்லி கீழே, 25 மில்லி பின்னால் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 8 டிகிரி. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு 6.5 தான் தெரியும். உள் ஜாயின்ட் டிரைபாட், அதாவது கப்புக்குள் மூன்று உருளை நகரும் வகை. கோணம் ஏற ஏற உருளை கப்பை உள்ளேயும் வெளியேயும் தள்ளும், ஆக்சிலரேட்டர் மிதித்தால் வண்டி உதறும். ரைடு ஹைட்டில் 2, 3 டிகிரி நல்லது. சுத்தமா பூஜ்யம் வேண்டாம், வெளி ஜாயின்ட்டில் உள்ள குண்டு ஒரே இடத்தில் உருண்டு குழி போடும்.

அடுத்து ஷாஃப்டைக் கையால் உள்ளே தள்ளி ஒரு கோடு, வெளியே இழுத்து ஒரு கோடு. ரைடு ஹைட்டில் நடுவில் நிற்கணும். பிறகு முழு மேல், முழு கீழ், நடுவில் இரண்டு இடம். எந்த இடத்திலும் இரண்டு பக்கமும் குறைந்தது 5 மில்லி மிச்சம் வேணும். உள்ளே முட்டினால் அடி டிஃபரன்ஷியல் பேரிங்கில் இறங்கும், ஹவுசிங் வெடிக்கும். வெளியே போனால் உருளை கப்பை விட்டுக் கழன்று பூட் என்ற ரப்பர் உறையைக் கிழிக்கும். 400 மில்லி ஷாஃப்ட் 15 டிகிரி சாய்ந்தாலே சுமார் 14 மில்லி போயிடும். அதில் எவ்வளவை லோயர் ஆர்ம் ஈடுகட்டுது என்பதை அளந்துதான் பார்க்கணும்.

தட்டாஞ்சாவடி லேத்:
ட்ராக் அகலம் விஷயத்தில் ஒத்துக்கிறேன், பாடி இன்னும் முடியலைன்னா அதுதான் முதல் வழி. முடிஞ்சிருந்தா என் 24 தான். அண்ணன் சொன்ன ஸ்லீவ் ஷாஃப்ட் அளவு பார்க்க மட்டும் உதவும்.

சிப்காட் ஃபிட்டர்:
அளவுக்கு மட்டும் என்று நான் சொல்லலை. மெதுவா ஓட்டிப் பார்க்குற வண்டிக்கு இப்பவும் அது போதும் என்பேன். போட்டிக்குன்னா வேற பேச்சு.

கெடிலக்கரை:
பாடி மோல்டு இன்னும் எடுக்கலை, அதனால் அகலத்தைக் கூட்டிடுறோம். சைலன்சர் பைப் இடது உள் ரப்பர் பூட் பக்கத்தில் போகுது, இடைவெளி 40 மில்லிதான். அப்புறம் கிரீஸ் எது?

உப்பனாறு:
40 பத்தாது. பைப்புக்கு வெப்பம் தடுக்கும் ராப் சுற்றி, நடுவில் ஒரு அலுமினியத் தகடு நிறுத்துங்க, தகட்டுக்கு இரண்டு பக்கமும் காற்று போகணும். வெளி ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் கிரீஸ், டிரைபாட்டுக்கு அதற்கென்று வரும் கிரீஸ், இரண்டையும் கலக்காதீங்க. அளவு பூட் கிட் பாக்கெட்டில் இருப்பதுதான், அதிகம் அடைத்தால் கிளிப்பைத் தள்ளும். ஷாஃப்ட் இல்லாமல் சேஸிஸை உருட்டிக்கொண்டு போகாதீங்க. ஹப் நட் இறுக்கம்தான் ஹப் பேரிங்கைப் பிடித்து வைத்திருக்கு. பழைய வெளி ஜாயின்ட்டையாவது மாட்டி, நட்டை மேனுவல் டார்க்குக்கு இறுக்கிய பிறகு தள்ளுங்க.