தண்ணீருக்குள் எடுக்க என்ன கேமரா வாங்கலாம்? அவசரம்

நெய்தல்22:
அடுத்த வாரம் கிளம்புகிறோம். தண்ணீருக்குள் படம் எடுக்க உருப்படியான கேமரா ஒன்று சொல்லுங்கள். போன தடவை போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு இறங்கினேன், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. பையன் முதன்முதலாகக் கடலில் கால் வைத்த படங்கள் எல்லாம் அதோடு போயின.

தாமிரபரணிக்கரை:
எங்கே போகிறீர்கள்? அருவியா, கடலா? எவ்வளவு ஆழம் இறங்குவீர்கள்? படமா, வீடியோவா? பட்ஜெட்?

அலைக்குமேல்:
கோப்ரோதான், கையடக்க ஆக்‌ஷன் கேமரா. ஹீரோ 12 தனி உறை இல்லாமலே 10 மீட்டர் தாங்கும். வேறெதையும் பார்க்காதீர்கள்.

பழையலென்ஸ்:
மாதம் ஒருவர் இதையே கேட்கிறார், பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. எங்கே, எவ்வளவு ஆழம் என்று சொல்லாமல் கேமரா கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பது மாதிரி. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, அதையாவது முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மழைக்கால்:
எதற்குச் செலவு? என் போன் ஐபி68, அதாவது தூசியும் தண்ணீரும் புகாத தரம். மூன்று வருடமாக மழை, நீச்சல் குளம் எல்லாம் பார்த்துவிட்டது.

தாமிரபரணிக்கரை:
குளம் வேறு, கடல் வேறு அண்ணா. ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. ஐபோன் 12க்கே 6 மீட்டர், 30 நிமிடம் என்றுதான் கணக்கு. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரன்ட்டியும் கிடையாது. போதாததற்கு, நீருக்குள் தொடுதிரை சொன்னபடி கேட்காது.

மழைக்கால்:
எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லையே.

தாமிரபரணிக்கரை:
ஆன பிறகு படங்கள் திரும்பி வராது. அவருக்கு நடந்ததும் அதுதானே.

முத்துக்குளி:
சண்டை வேண்டாம். கோப்ரோ வீடியோவுக்கு அருமை, ஆனால் ஜூம் செய்து மீனை நெருக்கமாக எடுக்க ஒலிம்பஸ் வழியில் வந்த டிஜி-7 (2023) நல்லது. 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். லென்ஸ் வெளியே நீளாது. ஒரு சென்டிமீட்டர் வரை கிட்டே போய் எடுக்கலாம். 12 மெகாபிக்சல்தான், கவலை வேண்டாம்.

எந்தக் கேமராவானாலும் பேட்டரி, கார்டு போடும் கதவின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மணப்பாட்டில் ஈரக் கையோடு கார்டு மாற்றினேன். நாலு மீட்டர் இறங்கியதும் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு குமிழி. மேலே வந்து திறந்தால் வளையத்தின் மேல் ஒரே ஒரு மணல். அதன் இரண்டு பக்கமும் உப்புநீர் கோடு போட்டிருந்தது. அன்றிலிருந்து அறையில்தான் கதவைத் திறப்பேன், கடற்கரையில் திறப்பதே இல்லை. ஏசி அறையில் மூடினால் ஈரக்காற்று உள்ளே அடைபடாது, லென்ஸில் பனி படிவதும் குறையும்.

பழையதாக வாங்கினால் வளையம் எப்போது மாற்றினது என்று கேளுங்கள், வருடம் ஒரு முறை மாற்ற வேண்டியது.

பழையலென்ஸ்:
இது சரியான பதில். நிறத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஆழம் போகப் போக முதலில் மறைவது சிவப்பு. நீருக்கடி மோடில் வையுங்கள். கலங்கிய நீரில் ஃப்ளாஷ் போட்டால் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும்.

நெய்தல்22:
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். அந்தமான், ஹேவ்லாக் தீவு. ஸ்நார்க்லிங் மட்டும், மூச்சுக்குழாய் வைத்து மேல்மட்டத்தில் நீந்துவதுதான்.

முத்துக்குளி:
அப்போ 15 மீட்டரே தாராளம். மிதக்கும் பட்டை கட்டாயம் வாங்குங்கள், கை நழுவினால் கேமரா கீழே போய்விடும். தினமும் மாலையில் கதவு மூடியபடியே ஒரு வாளி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள்.

நெய்தல்22 (இரண்டு வாரம் கழித்து):
டிஜி-7 வாங்கினேன், பட்டையும். எலிஃபண்ட் பீச்சில் பையன் நீந்தும்போது அவன் முகத்துக்கு நேரே ஒரு கோமாளி மீன், படம் தெளிவாக விழுந்திருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. இப்போது வாளியில் ஊறுகிறது. நன்றி எல்லாருக்கும்.