ஹைட்ரோபோனிக்ஸ்ல தண்ணி சுத்தினதும் நம்ம தலை சுத்தினதும் - உங்க அனுபவம் சொல்லுங்க

மாடிக்கீரை, சென்னை:

மொட்டை மாடியில மண்ணில்லாம கீரை வளர்க்க என்எஃப்டி போட்டு மூணு வருஷம் ஆகுது, அதாவது டிரம்ல இருக்கிற உரத்தண்ணியை பம்ப் மேல ஏத்தும், அது பைப்புக்குள்ள மெல்லிசா வேரை நனைச்சுட்டு ரிட்டர்ன் பைப் வழியா டிரம்முக்கே திரும்பி வரும். மூணு இன்ச் பிவிசி பைப் ஆறு லைன், 72 ஓட்டை, நூறு லிட்டர் நீல டிரம், அதுக்குள்ள 40 வாட்ஸ் சப்மெர்சிபிள் பம்ப். செடி வளர்க்கிறதைப் பத்தி எல்லாரும் வீடியோ போடறாங்க, பிளம்பிங் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க, எனக்கு இதுவரைக்கும் செத்த செடில முக்கால்வாசி பூச்சியால சாகல, பைப்பாலயும் டிரம்மாலயும்தான் செத்துச்சு. முதல்ல என் மானம் போன கதையைச் சொல்லிடறேன், அப்புறம் நீங்க ஆரம்பிங்க.

முதல் வருஷம். டிரம்ல தண்ணி குறைஞ்சா எனக்கு மனசு கேக்காது, பம்ப் ஓடிட்டு இருக்கும்போதே விளிம்பு வரைக்கும் ரொப்பிடுவேன். தினம் காலைல காபி டம்ளரோட போய் தண்ணில உப்பு, உரம் எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு காட்டற இசி மீட்டரை விட்டுப் பார்ப்பேன், 1.6 வச்சது ரெண்டு நாள்ல 1.3 ஆகும், அப்புறம் 1.1. ஆஹா லெட்டூஸ் என்னமா சாப்பிடுதுன்னு ஒரே பெருமை, உடனே உரம் ஏ கரைசல் பி கரைசல் ரெண்டையும் ஊத்திடுவேன். ரெண்டு மாசம் வரும்னு கடைக்காரர் கொடுத்த பாட்டில் மூணு வாரத்துல காலி.

ஒரு நாள் கீழ் வீட்டு அக்கா மேல ஏறி வந்து "தம்பி, மாடில சுண்ணாம்பு கிண்ணாம்பு அடிக்கிறீங்களா, என் சேலை பூரா வெள்ளை வெள்ளையா திட்டு"ன்னாங்க. இல்லையேக்கான்னு சொல்லிட்டு மழைத்தண்ணி பைப் பக்கம் போய்ப் பார்த்தா, டிரம்முக்கு அடியில இருந்து அந்த ஓட்டை வரைக்கும் தரையில உப்புப் பூத்து ஒரு வெள்ளைக் கோடு. அந்தப் பைப் கீழ அவங்க துணிக்கொடி பக்கத்துல ஜாயிண்ட் விட்டிருக்கு. அப்பதான் மண்டையில உறைச்சுது. பம்ப் ஓடும்போது ஆறு லைன்லயும் ரிட்டர்ன்லயும் சேர்த்து பத்துப் பதினஞ்சு லிட்டர் மேல நிக்குது, கரண்ட் போச்சுன்னா அவ்ளோவும் இறங்கி டிரம்முக்குத்தான் வரும், டிரம் ஏற்கனவே விளிம்பு வரைக்கும் இருக்கு, வேற எங்க போகும்? கரண்ட் வந்ததும் பம்ப் மறுபடி மேல ஏத்திடும், டிரம் குறைஞ்ச மாதிரி தெரியும், நான் போய் வெறும் தண்ணிய ரொப்புவேன். எங்க ஏரியால அந்தக் கோடைல தினம் ரெண்டு தடவை கரண்ட் கட்டு. செடி சாப்பிடல, மழைத்தண்ணி பைப்புதான் சாப்பிட்டிருக்கு.

யோசிச்சுப் பார்த்தா அந்த வெயில்ல இசி ஏறித்தான் இருக்கணும், சூட்டுல செடி உப்பை விடத் தண்ணியைத்தான் அதிகமா இழுக்கும். இறங்கிட்டே இருந்தா ஒண்ணு செடிக்கு நெஜமாவே பசி, இல்ல எங்கயோ ஒழுகுது. இப்ப பம்பை நிறுத்தி எல்லாம் இறங்கின அப்புறம் விளிம்புக்கு நாலு விரல் கீழ நிக்கிற மாதிரி ரொப்பி, பம்பைப் போட்டு, ஓடும்போது எங்க நிக்குதோ அங்க பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். அந்தக் கோட்டுக்கு மேல ஒரு சொம்பு கூட ஊத்தறதில்ல.

கொங்குக்கீரை, கோவை:

உங்களுக்கு டிரம்முங்க, எனக்கு தண்ணியே வில்லன். எங்க தெருவுல சிறுவாணித் தண்ணி, கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் பேனாவை விட்டா நூறு கூடத் தொடாது, அதுல என்ன கலக்கறமோ அதுதான் மீட்டர்ல தெரியும். ரெண்டு வருஷம் ஜம்முனு ஓடுச்சுங்க. அப்புறம் ஒரு கோடைல தண்ணி விடறது பத்து நாளைக்கு ஒருக்கா ஆயிருச்சு, வீட்டுக்கே பத்தல, சரின்னு போர் தண்ணிக்கு மாறினேன். இசி மீட்டர்ல அதே 1.6 வர்ற வரைக்கும் உரம் போட்டேன். பத்து நாள்ல புது இலை பூரா மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

இரும்புச் சத்து கம்மின்னு எல்லாரும் சொன்னாங்க, வாங்கி ஊத்துனேன், தண்ணி டீ கலர்ல ஆச்சு, இலை அப்படியே இருக்குது. உரக்கடைல கேட்டா 19:19:19 போடுங்க எல்லாம் சரியாயிரும்னு ஒரு கிலோவைக் கட்டிக் கொடுத்துட்டாரு. அதையும் போட்டேன், பேசாம இருந்திருக்கலாம். அந்தப் பொடில இருக்கற தழைச்சத்துல பாதிக்கு மேல யூரியா, மண்ணுல போட்டா நுண்ணுயிரி அதை மாத்திக் கொடுக்கும், என்ற டிரம்முல யாரு மாத்துவாங்க? கால்சியமும் அதுல கிடையாது.

கடைசில பையன்தான் கேட்டான், "அப்பா, வெறும் போர் தண்ணிய அளந்தீங்களா?" இசி மீட்டர்ல அளந்தா 1.1. அப்ப நான் 1.6ன்னு நிறுத்துனதுல உரம் வெறும் 0.5, மிச்சமெல்லாம் போர்ல வந்த உப்பு. அதோட பிஹெச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு, காலைல 6.0 வச்சா மறுநாள் 7.5ல நிக்குது, போர் தண்ணில இருக்கற பைகார்பனேட் அப்படித் தள்ளி விட்டுருது. அந்த பிஹெச்ல நான் வாங்கின இரும்பு, ஈடிடிஏங்கற பொருளோட பிணைச்சது, நிக்கவே நிக்காதுங்க, 6.5 தாண்டினாலே விட்டுப்போகும். இப்ப பாதி ஆர்ஓ பாதி போர், பாஸ்பாரிக் ஆசிட்ல பிஹெச்ச 6க்கு இறக்கிட்டு, அதுக்கப்புறம் இரும்பு, அதுவும் டிடிபிஏ வகை. வெறும் தண்ணி எவ்ளோ காட்டுதுன்னு டேங்க் மேலயே சாக்பீஸ்ல எழுதிப்போட்டிருக்கேன், அதைக் கழிச்சுட்டுத்தான் கணக்கு. ஆசிட்டை ஊத்தும்போது கண்ணாடி போட்டுக்கோங்க, தண்ணிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தக்கூடாது.

பேனா_பெருமாள்:

சின்னக் கதை. என் பிஹெச் பேனா ஒரு மாசமா 5.9 காட்டுச்சு, என்ன ஒரு நிலையான சிஸ்டம்னு வீட்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். ஒரு நாள் கை தவறி மோர்ல விழுந்துச்சு, எடுத்துப் பார்த்தா அப்பவும் 5.9. தினம் கழுவி ஆர்ஓ தண்ணில ஊற வச்சே முனையைக் கொன்னுருக்கேன், அதை கேசிஎல், அதாவது பொட்டாசியம் குளோரைடு கரைசல்லதான் வைக்கணுமாம். இப்ப மாசம் ரெண்டு தடவை பிஹெச் 4, 7ன்னு தெரிஞ்ச ரெண்டு பஃபர் கரைசல்லயும் முக்கிப் பார்த்துடறேன்.

புதினா வில்லி, மதுரை:

பேனா அண்ணே, மோருக்கு ஒரு கும்பிடு.

என் கதை என் பேர்லயே இருக்கு. என்எஃப்டி லைன்ல புதினா வச்சேன், யாரும் வைக்காதீங்க. மேல பார்க்க அழகா இருக்கும், உள்ள வேர் நடை கட்டிருச்சு. மூணாவது மாசம் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு மேல போனா தரையெல்லாம் தண்ணி, டிரம் காலி, பம்ப் வறட்டு வறட்டுன்னு கத்துது. எங்க ஒழுகுதுன்னே தெரியல. கடைசில ரிட்டர்ன் எல்போவைக் கழட்டலாம்னா, எங்க வீட்டுக்காரர் எல்லா ஜாயிண்டுக்கும் சால்வெண்ட் போட்டு சிமெண்ட் மாதிரி ஒட்டி வச்சிருக்கார்! ஆக்சா பிளேடு எடுத்து அறுத்தோம். உள்ள இருந்து ஒரு முழ நீளத்துக்கு வேர், பைப் எந்த வளைவுல இருந்துச்சோ அதே வளைவுல, தலைமுடி பின்னல் மாதிரி வருது. அதை மாமியாருக்குக் காட்டினேன், "ஜடை நல்லாத்தான் இருக்கு, பூ வச்சு விடு"ன்னாங்க.

தப்பு புதினா மேல மட்டும் இல்ல. ரிட்டர்னுக்கு முக்கா இன்ச் போட்டிருந்தோம். மேல போறதுக்கு பம்ப் தள்ளுது, எத்தனை ஒல்லி பைப்னாலும் போயிரும், திரும்பி வர்றது தானா சரிஞ்சுதானே வரணும், அதுல காத்தும் சேர்ந்து வரும், கொஞ்சம் வேர் வந்தா முடிஞ்சது. இப்ப ஒன்றரை இன்ச். எல்போ இருந்த இடத்துல டீ வச்சு ஒரு வாயில மூடி, வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாட்டில் கழுவுற பிரஷை விட்டு ஒரு இழு. அழுத்தம் இல்லாத ரிட்டர்ன் பக்கம் பசையே போடல, சொருகி மட்டும் வச்சிருக்கோம், சொட்டு கூட ஒழுகல.

பாலிஹவுஸ் பையன், ஓசூர்:

நான் வேலை பார்க்கிறது பெரிய பாலிஹவுஸ், 5,000 லிட்டர் டேங்க், ஆனா சொதப்பல் எல்லாம் இதே சைஸ்தான். ஏ டேங்க்ல கால்சியம் நைட்ரேட், இரும்பு. பி டேங்க்ல மெக்னீசியம் சல்பேட், பொட்டாஷ், பாஸ்பேட். நூறு மடங்கு அடர்த்தி. ரெண்டும் தனித்தனியா ஏன்னு புதுசா வந்த ஒருத்தர் கேட்கல, நாங்களும் சொல்லல. ஒரு சனிக்கிழமை ஏ டேங்க் அடியில இருபது லிட்டர் மிச்சம் இருந்துச்சு, அதைக் கழுவணுமேன்னு வீணாக்க மனசில்லாம பி டேங்க்ல ஊத்திட்டார். திங்கட்கிழமை திறந்தா அடியில வெள்ளையா மாவு, கையை விட்டா இட்லி மாவு பதம். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சம் ஆயிடுச்சு, பாஸ்பேட் வேற அதோட போயிடுச்சு. உரத்தை இழுத்து லைன்ல கலக்கற வெஞ்சூரி அடைச்சு, ஃபில்டர் அடைச்சு, ஆறு எம்எம் டியூப் பூரா அடைச்சு, மூணு நாள் நாங்க நாலு பேரும் ஊசியும் கையுமா உட்கார்ந்திருந்தோம். அந்த மாவு கரையவும் கரையாது, மொண்டு கொட்டறதுதான் வழி. அடர்த்தியா இருக்கும்போதுதான் சண்டை, பெரிய டேங்க்ல ஒண்ணை முதல்ல ஊத்தி நல்லா சுத்த விட்டு அடுத்ததை ஊத்தினா ஒண்ணும் ஆகாது. இப்ப ஏ வாளி சிவப்பு, பி வாளி நீலம், மக் கூட மாத்தக்கூடாது.

இன்னொண்ணு, பித்தளை வால்வு, ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) நிப்பிள் எதையும் லைன்ல விட்டு வைக்காதீங்க. ஒரு தடவை போயிடற தண்ணின்னா பரவால்ல, இது அதே தண்ணி நாள் பூரா அதையே உரசிட்டுப் போகுது, துத்தநாகமும் செம்பும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு சேரும். பிளாஸ்டிக் வால்வு விலையும் கம்மி.

கொங்குக்கீரை, கோவை:

பாலிஹவுஸ் தம்பி, டேங்க்க எத்தனை நாளைக்கு ஒருக்கா மொத்தமா மாத்தறீங்க? மீட்டர்ல 1.6 சரியா இருக்குதே, அப்பறம் எதுக்கு கொட்டணும்னு எங்க வீட்ல சண்டை.

பாலிஹவுஸ் பையன், ஓசூர்:

1.6 எதோட 1.6ன்னு மீட்டருக்குத் தெரியாதுண்ணா. செடி நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் மடமடன்னு எடுத்துக்கும், உங்க போர் தண்ணில வர்ற சோடியம், குளோரைடு எல்லாம் அப்படியே நிக்கும், நீங்க டாப்அப் பண்ணப் பண்ண அதுதான் ஏறும். நாங்க லேப்ல கொடுத்துப் பார்த்து முடிவு பண்றோம், வீட்டுக்கு போர் கலந்த தண்ணின்னா ரெண்டு வாரம், அதுக்கு மேல இழுக்காதீங்க.

மாடிக்கீரை, சென்னை:

நானும் ரெண்டு வாரம்தான். ஏப்ரல், மே மட்டும் பத்து நாள், அந்த மாசத்துல டிரம் தண்ணி மத்தியானம் 34 டிகிரி போகுது. 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30ல ஏழரைதான், சூட்டுல வேருக்குத் தேவை வேற ஜாஸ்தி, வேர் பழுப்பாகி கொழகொழன்னு ஆகி சாக்கடை நாத்தம் அடிக்கும். ஐஸ் பாட்டில் போட்டுப் பார்த்தேன், தெர்மாகோல் சுத்தினேன், ஏர் பம்ப் வச்சேன், கடைசில அந்த ரெண்டு மாசம் லெட்டூஸையே விட்டுட்டு வள்ளைக்கீரை போட்டுட்டேன், அது சுடுதண்ணிலயும் சிரிச்சிட்டு நிக்குது.

கொட்டற தண்ணிய சாக்கடைல விடாதீங்க. ரெண்டு பங்கு நல்ல தண்ணி சேர்த்து கருவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் ஊத்தறேன், தொட்டில உப்பு நிக்காம இருக்க நடுவுல ரெண்டு தடவை வெறும் தண்ணி. இப்ப கீழ் வீட்டு அக்காவே ரோஜாவுக்கு வேணும்னு வாளியோட வந்து வாங்கிட்டுப் போறாங்க. துணிக்கொடியை மட்டும் இன்னும் அந்தப் பக்கம் கட்டல.